முதல் காசு யாருடையது?

கேள்வி கேட்ட தம்பிக்கு வயது 24. பேராவூரணிப் பக்கம் சொந்த ஊர், இன்ஜினியரிங் முடித்துக் கோயம்புத்தூரில் வேலை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து மரச்செக்கு போட்டுத் தேங்காய் எண்ணெய் வியாபாரம் செய்யலாமா என்று யோசிக்கிறார். அவர் கேட்டது இரண்டு விஷயம். இருபது, இருபத்தைந்து வயதில் தொழில் தொடங்கிப் பெரிய ஆளானவர்களிடம் அப்படி என்னதான் இருந்தது? அது நம் டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு நடக்கிற காரியமா?

நான் கும்பகோணத்தில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஜி.எஸ்.டி., வருமான வரி, வங்கிக் கடனுக்கான புராஜெக்ட் ரிப்போர்ட், இதுதான் 18 வருடமாக வேலை. ஊரில் யார் கடையில் உண்மையிலேயே காசு இருக்கிறது, யார் கடையில் போர்டு மட்டும்தான் பெரிசு என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும், ஆனால் வெளியில் சொல்ல முடியாது. அதனால் என் பதிலும் கணக்குப்பிள்ளையின் பதிலாகத்தான் இருக்கும். தன்னம்பிக்கை, கனவு, விடாமுயற்சி பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

முதலில் இந்த வயது விஷயத்தை முடித்துவிடலாம். அமெரிக்காவில் 27 லட்சம் தொழில் நிறுவனர்களின் அரசாங்கத் தரவை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள், 2020-ல் வெளிவந்தது. மிக வேகமாக வளர்ந்த கம்பெனிகள், அதாவது ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லத்தக்கவை, அவற்றைத் தொடங்கும்போது நிறுவனர்களின் சராசரி வயது 45. நம் கண்ணுக்கு 19 வயதுக்காரர்கள் மட்டும் தெரிவதற்குக் காரணம், 45 வயதில் ஒருவர் கம்பெனி ஆரம்பித்தால் அது செய்தி ஆவதில்லை, அவ்வளவுதான். ஆகவே தம்பி, 24-க்குள் தொடங்காவிட்டால் பஸ் போய்விடும் என்ற பதற்றம் வேண்டாம்.

சரி, சின்ன வயதில் ஜெயித்தவர்களுக்கு வருவோம். அவர்கள் கதையை எல்லாரும் 'ஐடியா' பக்கத்தில் இருந்து சொல்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: முதல் காசு யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது.

1976-ல் ஆப்பிள் கம்பெனி தொடங்கியபோது ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 21 வயது. தன்னுடைய பழைய வோக்ஸ்வேகன் வண்டியை விற்றார், கூட்டாளி வாஸ்னியாக் கால்குலேட்டரை விற்றார், இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், படமாக எடுத்தால் அழகாக இருக்கும். ஆனால் கம்பெனி நிமிர்ந்தது அந்தக் காசில் இல்லை. பைட் ஷாப் என்று ஒரு கடை, அதன் முதலாளி பால் டெரல் 50 கம்ப்யூட்டர் வேண்டும், ஒன்றுக்கு 500 டாலர், கொண்டுவந்து வைத்ததும் பணம் என்று ஆர்டர் கொடுத்தார். ஜாப்ஸ் அந்த ஆர்டரைக் காட்டி உதிரிபாகங்களை 30 நாள் கடனில் வாங்கினார். 30 நாளுக்குள் பூட்டிக் கொடுத்து, காசு வாங்கி, கடனை அடைத்தார்கள். இதைக் கணக்கில் எழுதினால் என்ன வரும் தெரியுமா? சரக்கு கடனில் வருகிறது, விற்பனை ரொக்கத்தில் போகிறது. எந்த ஊரில் எந்தக் கடையில் இந்த இரண்டு வரியும் இந்த வரிசையில் இருக்கிறதோ அந்தக் கடைக்காரர் ராத்திரி தூங்குவார்.

மைக்கேல் டெல் 1984-ல் 19 வயதில், டெக்சாஸில் கல்லூரி விடுதி அறையில், 1,000 டாலரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பித்தவர். அவர் பண்ணியது இன்னும் ஒரு படி மேலே. கடைக்கே அனுப்பாமல் வாங்குகிறவருக்கே நேராக விற்றார். ஆர்டர் வந்த பிறகுதான் மிஷினைப் பூட்டுவது. பின்னாளில் கம்பெனி பெரிதானபோது, வாங்குகிறவரின் பணம் முதலில் கைக்கு வந்து, உதிரிபாகக்காரருக்குப் பிறகு போகும் நிலையே வந்துவிட்டது. ஊரான் காசில் கடை நடத்துவது என்று நம் ஊரில் திட்டுவார்கள், இது அதன் நேர்மையான வடிவம்.

நம் ஆள் ஒருவர். அருண் ஐஸ்கிரீம், ஹட்சன் கம்பெனி ஆர்.ஜி. சந்திரமோகன். 1970-ல் 21 வயது, 13,000 ரூபாய் முதல், சென்னை ராயபுரத்தில் 250 சதுர அடி இடம். குச்சி ஐஸில் ஆரம்பம், தள்ளுவண்டி. யோசித்துப் பாருங்கள், உலகத்தில் எவனாவது குச்சி ஐஸைக் கடனுக்குத் தின்பானா? காலையில் போன வண்டி சாயங்காலம் சில்லறையோடு திரும்பிவிடும். அப்புறம் சென்னையில் பெரிய பிராண்டுகளோடு மல்லுக்கு நிற்காமல் அவர்கள் கண்டுகொள்ளாத சின்ன ஊர்களைத் தேடிப் போனார். 13,000 ரூபாய் வைத்திருப்பவர் பெரிய ஆளோடு அவன் வாசலில் நின்று சண்டை போட்டிருந்தால் இன்றைக்கு நாம் இந்தப் பெயரைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கடலூர்க்காரர் ஒருவர் உண்டு, சி.கே. ரங்கநாதன். சின்ன சாஷேயில் போட்டு விற்றால் கூலிக்காரரும் வாங்குவார் என்ற யோசனை அவர் அப்பா சின்னி கிருஷ்ணனுடையது. அப்பா காலத்துக்குப் பின் அண்ணன்களோடு ஒத்துப்போகாமல் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் ஷாம்பு போட்டார், அதுதான் பின்னாளில் கெவின்கேர். இதில் எனக்குப் பிடித்தது அந்தக் காலி சாஷே கணக்கு. எந்தக் கம்பெனி ஷாம்புவின் காலிக் கவராக இருந்தாலும் அஞ்சு கொண்டுவா, ஒரு சிக் இலவசம் என்றார். மற்ற பிராண்டை வாங்குகிற ஆட்களெல்லாம் கடைக்கு வந்து சிக்கைக் கையில் பிடித்துப் பார்த்தார்கள். பழகின பிறகு திட்டத்தை மாற்றினார், இனிமேல் சிக் கவர்தான் செல்லும். விளம்பரத்துக்கு லட்சக்கணக்கில் கொட்ட முடியாதவர் செலவழித்தது தன் சரக்கை மட்டும்தான், அதுவும் ஏற்கெனவே ஷாம்பு வாங்கும் பழக்கம் உள்ளவரிடம் மட்டும். கிராமத்துப் பையன்களுக்குத் தலையில் தேய்த்துக் காட்டி விற்றதும் இந்தச் சிக் ஆட்கள்தான்.

இன்னொரு விஷயம், தொடங்கிய நாள் வேறு, தொழில் தெரிந்துகொண்ட நாள் வேறு. பில் கேட்ஸ் 1975-ல் 19 வயதில் மைக்ரோசாஃப்ட் தொடங்கினார் என்கிறோம். அவர் படித்த லேக்சைடு பள்ளியில் அம்மாமார் சங்கம் பழைய சாமான் விற்ற காசில் 1968-லேயே கம்ப்யூட்டர் டெர்மினல் வாங்கிக் கொடுத்துவிட்டது. 13 வயதில் உட்கார்ந்தவர் 19 வயதில் ஆறு வருட அனுபவஸ்தர். நம் பக்கத்துக்கு வாருங்கள், ஃப்ரெஷ்வொர்க்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனியின் கிரிஷ் மாத்ருபூதம் திருச்சிக்காரர், படித்தது தஞ்சாவூரில், இன்றைக்கு சாஸ்த்ரா என்கிறோமே அங்கே. 2010-ல் கம்பெனி தொடங்கும்போது அவர் 'இளைஞர்' கூட இல்லை, 35 வயது. அதற்கு முன் ஜோஹோ என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் வருடக்கணக்காக இதே மாதிரி வாடிக்கையாளர் புகார் கவனிக்கும் சாஃப்ட்வேரைத்தான் செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து வீடு மாற்றும்போது அவருடைய டி.வி. உடைந்து, இன்சூரன்ஸ் காசு கேட்டு நாயாய் அலைந்த கதையை அவரே பல இடத்தில் சொல்லியிருக்கிறார். டி.வி. எல்லார் வீட்டிலும்தான் உடைகிறது. அந்தக் கோபத்தை என்ன பண்ணலாம் என்று தெரிந்த கை அவருடையது. 2021 செப்டம்பரில் நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் பங்கு பட்டியலானபோது அங்கே வேலை பார்த்த 500-க்கு மேற்பட்டவர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள், அதில் பலருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தொழில் தொடங்காமலேயே இளம் வயதில் காசு பார்த்தவர்கள் அவர்கள், அதையும் ஒரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோஹோ ஸ்ரீதர் வேம்புவும் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமக் குடும்பம்தான். 1996-ல் அட்வெண்ட்நெட் என்று தொடங்கும்போது 28 வயது. வெளி முதலீட்டாளர் காசு வாங்காமலேயே இத்தனை தூரம் வந்த கம்பெனி. 2000-க்குப் பின் டாட்காம் என்ற இன்டர்நெட் கம்பெனிகளின் அலை சரிந்து, அவர்களிடம் வாங்கிக்கொண்டிருந்த டெலிகாம் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனபோது, முதலீட்டாளர் யாரும் கழுத்தில் உட்கார்ந்திருக்கவில்லை, அதனால் நிதானமாக வேறு சரக்குக்கு மாற முடிந்தது.

எதிர்க்கட்சியையும் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்புக், ஹோட்டல் ரூம் பிடித்துத் தரும் ஓயோ எல்லாம் இப்படி வளரவில்லை. ரித்தேஷ் அகர்வால் 2013-ல் 19 வயதில் ஓயோ தொடங்கினார், பிறகு அது வளர்ந்தது முதலீட்டாளர்களின் கோடிகளில், வருடக்கணக்கில் நஷ்டத்தில். அது வேறு ஆட்டம், வேறு மைதானம். ஆயிரம் பேர் இறங்கி ஒருவர் நிற்பார், மிச்சம் 999 பேர் பெயர் நமக்குத் தெரியாது. பேராவூரணியில் செக்கு போடுகிறவருக்கு அந்த ஆட்டத்தில் டிக்கெட் கிடையாது.

இனி நம் ஊருக்கு. டெல்டாவில் எல்லாக் கடையும் நெல்லை நம்பித்தான் இருக்கிறது, நகைக்கடை முதல் டீக்கடை வரை. ஜூன் 12-ம் தேதி மேட்டூர் திறந்ததா, தண்ணீர் கடைமடைக்கு வந்ததா, கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் நெல் இருந்ததா, இல்லை மழையில் நனைந்து முளைத்ததா, இதையெல்லாம் பொறுத்துத்தான் தை மாசி மாதத்தில் ஜனங்கள் கையில் காசு புரளும். மற்ற மாதங்களில் ஊரே கடனில் ஓடும். "அறுப்பு முடிஞ்சதும் தரேன்" என்பது இங்கே ஏமாற்றுப் பேச்சு இல்லை, அதுதான் நாணயமான பேச்சு. உரக்கடைக்காரர் ஆடியில் கொடுத்து மாசியில் வாங்குவார், அதற்கு ஏற்ற முதல் அவரிடம் இருக்கும். 'கடன் அன்பை முறிக்கும்' போர்டுக்குக் கீழேயே கடன் நோட்டும் இருக்கும். புதிதாக வருகிற பையனுக்கு அந்த முதல் இருக்காது, ஆனால் அதே கடனை அவனும் கொடுத்தாக வேண்டும். நம் ஊரில் இளம் வியாபாரிகள் கவிழ்வது இந்த இடத்தில்தான். சரக்கு நன்றாகவே இருக்கும், விற்கவும் செய்யும், லாபமும் காட்டும், காசு மட்டும் இருக்காது.

ஒரு ஆளைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பாபநாசம் பக்கத்துக் கிராமம், அப்போது 26 வயது. மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி என்று பாரம்பரிய நெல் போடும் பத்துப் பன்னிரண்டு விவசாயிகளிடம் வாங்கி, அரைத்து, துணிப்பையில் அழகாகப் போட்டுச் சென்னை, கோயம்புத்தூர் கடைகளுக்கு அனுப்பினான். முதல் வருடம் முடிந்து என் ஆபீஸுக்கு வந்தான். "அண்ணே, லாபம் ஒண்ணரை லட்சம்னு காட்டுது, என் அக்கவுண்ட்ல நாலாயிரம்தாண்ணே இருக்கு" என்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய பில்.

கவரைக் கொட்டி வரிசையாக அடுக்கினோம். மாசியில் விவசாயிகளுக்கு ரொக்கம் கொடுத்து மொத்த நெல்லையும் வாங்கியிருக்கிறான், அதற்கு அம்மா சங்கிலி அடமானம். பங்குனியிலேயே முழுசையும் அரிசியாக அரைத்துவிட்டான், மில்லில் ஒரே தடவையாகப் போட்டால் கூலி குறைவு என்று. கடைக்காரர்கள் 60 நாள் என்று சொல்லி 100 நாள் இழுக்கிறார்கள், அதற்குள் தவிடு போகாத அரிசியில் வண்டு விழுந்துவிடுகிறது, வண்டு விழுந்த பையைத் திருப்பி அனுப்பிவிட்டு மிச்சத்துக்குத்தான் காசு. திரும்பி வந்த பைக்கு லாரி வாடகையும் இவன் தலையில். லாபம் என்று காட்டிய ஒண்ணரை லட்சம் முழுக்க வராத பாக்கியில் இருந்தது.

அவன் செய்த மாற்றம் மூளையைக் கசக்கின விஷயம் ஒன்றுமில்லை. நெல்லாகவே வைத்திருந்தால் உமிக்குள் அரிசி பத்திரம், மாதக்கணக்கில் கெடாது, நம் பாட்டன் குதிரில் கொட்டி வைத்ததும் நெல்லைத்தான், அரிசியை இல்லை. அதனால் 15 நாளுக்கு ஒருமுறை, வந்த ஆர்டருக்கு மட்டும் அரைத்தான். கடைகளை விட்டுவிட்டுச் சென்னையில் அபார்ட்மெண்ட்களில் நேராகப் பேசி, மாதம் இத்தனை கிலோ, பணம் முன்கூட்டி என்று குடும்பங்களைப் பிடித்தான். முதல் மூன்று மாதத்தில் 11 குடும்பம். இதற்காடா கடையை விட்டாய் என்று நானே கேட்டேன். இப்போது அந்த எண்ணிக்கை முந்நூற்றைத் தாண்டிவிட்டது, சங்கிலி எப்போதோ மீண்டுவிட்டது. விவசாயிகளுக்குப் பாதிப் பணம் அறுவடையில், மீதி ஆடிக்குள் என்று பேசியிருக்கிறான், சந்தை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கிறான், அவர்களும் சரி என்கிறார்கள். டெல், டெல் என்கிறார்களே, அந்த டெக்சாஸ் பையன் செய்த அதே கணக்கு, இவனுக்கு அந்தப் பெயர் கூடத் தெரியாது.

முன்பணம் வாங்குவது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. சுவாமிமலையில் எனக்குத் தெரிந்த சிலைப் பட்டறைகளில் முன்பணம் வராமல் ஸ்தபதி மெழுகைத் தொடமாட்டார். ஐம்பொன் வாங்க வேண்டும், ஆள் கூலி கொடுக்க வேண்டும், சிலை முடிய மாதக்கணக்காகும், கை முதலைப் போட்டுவிட்டு வாங்குகிறவர் மனசு மாறினால் யார் தாங்குவது? ஆனால் அதே ஊர்ப் பையன் பேக்கரி வைத்தால் முன்பணம் கேட்கக் கூச்சப்படுகிறான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பட்டுத்தான். 2006 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்பு நானும் ஒரு நண்பனும் பிளெக்ஸ் பிரிண்டிங் போட்டோம். எனக்கு 25 வயது. தேர்தல் வருகிறது, இரண்டு பக்கமும் பேனர் அடிப்பார்கள், அள்ளிவிடலாம் என்று கணக்கு. அடித்தார்கள். ராத்திரி பகலாக ஓட்டினோம், மை காய்வதற்குள் வண்டியில் ஏற்றினார்கள். எல்லாம் 'அண்ணன் பேர்ல எழுதிக்கப்பா'. ரிசல்ட் வந்தது. ஜெயித்த அண்ணனைப் பார்க்க முடியவில்லை, தோற்ற அண்ணன் எங்களைப் பார்க்க விரும்பவில்லை. 1,80,000 ரூபாய் போனது, மிஷின் கடன் நின்றது. அதை அடைக்கத்தான் கொஞ்ச நாளில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதப் போனேன். அந்த நோட்டு இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகத் தொழில் தொடங்குகிறேன் என்று வருகிற பையன்களுக்கு எடுத்துக் காட்டுவேன், சிரித்துவிட்டுப் போவார்கள், ஒரு வருடம் கழித்து அதே மாதிரி நோட்டோடு வருவார்கள்.

கடன், மானியம் பற்றிச் சுருக்கமாக. மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் இருக்கிறது. கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதமும் மானியம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். பையன்கள் இதில் ஏமாறுவது எங்கே என்றால், மானியம் கையில் வராது. வங்கியில் மூன்று வருடம் டெபாசிட்டாகக் கிடக்கும், பிறகு கடனில் கழிப்பார்கள். அதை நடைமுறை முதல், அதாவது அன்றாடம் சுழற்றும் பணம், என்று நினைத்து பிளான் போட்டவர்கள் ஆறாம் மாதம் மூச்சு முட்டி நிற்கிறார்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் மிஷினுக்கு ரூபாய் நயா பைசா சுத்தமாக எழுதிவிட்டு, சரக்கு வாங்கவும் பாக்கியைத் தாங்கவும் வேண்டிய பணத்தை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எழுதிக் கொடுப்பதே நான்தான், எனவே என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உத்யம் என்ற சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு இலவசம், கண்டிப்பாகச் செய்யுங்கள். 2006-ம் வருடச் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் கூட்டு வட்டி. 2024-லிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி போட்டிருக்கிறார்கள், காலத்தில் கொடுக்காத தொகையைக் கொடுக்கிற வருடம் வரை அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. பெரிய கம்பெனிகள் இதற்கு ஓரளவு பயப்படுகின்றன. தெருமுனைக் கடைக்காரரிடம் சட்டம் பேசினால் அடுத்த ஆர்டர் வராது, அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் எண்ணெய். இடம் சரியான இடம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து உங்கள் பக்கத்துத் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது, அதற்கு மறு வருடம் வைத்த நெட்டைக் கன்றுகள் காய்ப்புக்கு வந்துகொண்டிருக்கிற காலம் இது. டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டம் வந்தாலும் எண்ணெய்ச் செக்குக்கு அதனால் தொந்தரவு இல்லை. தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் நிறுவனமான நிஃப்டெம் இருக்கிறது, அங்கே பயிற்சியும் கொடுக்கிறார்கள், மிஷின் போட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். செக்கு வாங்குவதற்கு முன் அங்கே போய்ச் சில மூட்டை கொப்பரையை ஆட்டிப் பாருங்கள். கிலோவுக்கு 600 கிராம் சுற்றி எண்ணெய் இறங்க வேண்டும், கொப்பரை சரியாகக் காயவில்லை என்றால் அளவும் குறையும், எண்ணெயும் சீக்கிரம் காறும்.

முன்பணம் முன்பணம் என்று நான் சொல்வதிலும் ஒரு குழி இருக்கிறது, அது உங்கள் சரக்கில்தான் வரும். 2025-ல் தேங்காய் விலை எகிறியபோது, வருடத்துக்கு இத்தனை ரூபாய் என்று நிலையான விலை பேசி முன்கூட்டியே காசு வாங்கியிருந்த ஒருவர் லிட்டருக்கு லிட்டர் நஷ்டப்பட்டுக் கொடுத்து முடித்தார். நாணயத்தைக் காப்பாற்றினார், தொழில் ஒரு வருடம் பின்னால் போனது. அதனால் மூன்று மாதத்துக்கு மேல் ஒரே விலைக்குப் பணம் வாங்காதீர்கள். கொப்பரை விலையோடு சேர்ந்து ஏறும் இறங்கும் என்று பில்லிலேயே அச்சடித்துவிடுங்கள்.

வேலையை இப்போது விட வேண்டாம். கோயம்புத்தூரில் உங்கள் ஆபீஸிலும் பக்கத்து ஃப்ளாட்களிலும் எத்தனை பேர் மாதம் இரண்டு லிட்டர், பணம் முதலில் என்று கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். ஊரில் வேறு ஒருவர் செக்கில் கூலிக்கு ஆட்டி, சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுங்கள். பேக்கிங் செய்து விற்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், அதை முதல் பாட்டிலுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஆறு மாதத்தில் 40 குடும்பம் தொடர்ந்து வாங்கினால், அந்த 40 பேர் பெயரையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கும்பகோணம் வாருங்கள். புராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு நான் காசு வாங்குவேன், அதுவும் முன்பணமாகத்தான்.